முடிவை மாற்றக் கேட்ட வாசகர்கள்

ஒரு நாவலை முழுப் புத்தகமாக வாங்குபவரின் கைக்கு அதன் முடிவும் சேர்ந்தே வருகிறது. பிடிக்கவில்லை என்றால் மூடி வைக்கலாம். அச்சேறியதை மாற்ற முடியாது. பகுதி பகுதியாக வெளிவரும் கதையின் நிலை வேறு. அதன் முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்பது வாசகருக்குத் தெரியும். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே வாரமோ மாதமோ காத்திருக்கிறார். அந்த நாட்களில் பாத்திரங்களைப் பற்றி வீட்டில் பேசுகிறார், சண்டையிடுகிறார், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தானே தீர்மானிக்கிறார். தீர்மானித்ததை ஆசிரியருக்கு எழுதிக் கேட்கவும் தோன்றுகிறது. எழுத்தாளர்மேல் வாசகர் கொண்ட தீராத பற்றும், அந்தப் பற்றே உரிமையாகி எழுத்தாளரை நெருக்கியதும் இந்த இடைவெளியில் பிறந்தவை. இந்த வழக்கத்தின் வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் தொடங்குகிறது.

கிளாரிஸாவைக் காப்பாற்றக் கேட்டவர்

சாமுவேல் ரிச்சர்ட்சன் (1689–1761) தச்சர் ஒருவரின் மகன். லண்டனில் ஃப்ளீட் தெருவுக்கு அருகே அச்சகம் நடத்தியவர். ஐம்பது வயதை ஒட்டித்தான் நாவல் எழுதத் தொடங்கினார். முதல் நாவலான ‘பமேலா’ 1740-இல் வந்து பெரும் வெற்றி பெற்றது. மறு ஆண்டே ஜான் கெல்லி என்பவர் அதன் தொடர்ச்சி என்று வேறொரு நூலை எழுதி வெளியிட்டார். தன் பாத்திரங்கள் பிறர் கைக்குப் போவதைப் பொறுக்காத ரிச்சர்ட்சன், தானே இரண்டு தொகுதிகள் தொடர்ச்சி எழுத வேண்டியதாயிற்று. விரும்பி எழுதியதைவிட, தன் உரிமையைக் காக்க எழுதியது என்றே அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த நாவல் ‘கிளாரிஸா’. ஏழு தொகுதிகள் கொண்டது. ஆங்கிலத்தின் மிக நீண்ட நாவல்களில் ஒன்று. முதல் இரண்டு தொகுதிகள் 1747 டிசம்பரிலும், அடுத்த இரண்டு 1748 ஏப்ரலிலும், கடைசி மூன்று 1748 டிசம்பரிலும் வெளிவந்தன. வீட்டாரின் வற்புறுத்தலுக்குத் தப்பி, லவ்லேஸ் என்னும் வசீகரமான கயவனை நம்பி வெளியேறும் பெண்ணின் கதை அது. நான்காம் தொகுதிக்கும் ஐந்தாம் தொகுதிக்கும் இடையே ஏழு மாதங்களுக்கு மேல் ஆயின. கிளாரிஸா இறந்துவிடுவாள் என்ற பேச்சு அதற்குள் வாசகர்களிடையே பரவியது.

1748 அக்டோபரில் ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தன்னை ‘பெல்ஃபோர்’ என்று சொல்லிக்கொண்டார். கிளாரிஸா சாகப் போவது உண்மையா என்று கேட்டார். பொய் என்றால் செய்தித்தாளில் ஒரு சிறு அறிவிப்புப் போட்டுத் தெரிவிக்கச் சொன்னார். லவ்லேஸைத் திருத்தி, கிளாரிஸாவுக்கு மணம் முடித்து வைக்குமாறு மன்றாடினார். லங்காஷயரில் உள்ள ஹெய்க் மாளிகையின் எஜமானி லேடி பிராட்ஷா தான் அந்தப் பெல்ஃபோர். நாவலாசிரியர் ஒருவருடன், அதுவும் அச்சகக்காரருடன், தான் கடிதம் எழுதிக்கொள்வது தன் வட்டாரத்தில் தெரிந்தால் கேலிக்கிடமாகும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. தீயவன் திருந்தி நல்ல கணவனாவான் என்ற நம்பிக்கையை உடைக்கவே அந்த நாவலை எழுதுவதாக அவர் விளக்கினார். கிளாரிஸா இறந்தாள். கடைசித் தொகுதிகளைப் படித்தபோது அழுகையை அடக்க முடியாமல் புத்தகத்தை வைப்பதும், அறைக்குள் நடப்பதும், மறுபடி எடுப்பதுமாக இருந்ததைப் பிராட்ஷா எழுதி அனுப்பினார். மகிழ்ச்சியான முடிவு கேட்டுப் பலர் எழுதினார்கள் என்பதை நூலின் பின்னுரையிலேயே குறிப்பிட்டு, துயர முடிவுக்கு ரிச்சர்ட்சன் நியாயம் சொன்னார். வாசகிகள் பலர் லவ்லேஸை விரும்பியது அவரை வருத்தியது. பின் வந்த பதிப்புகளில் அடிக்குறிப்புகளும் திருத்தங்களும் சேர்த்து, அவனை இன்னும் கொடியவனாகக் காட்டினார். வாசகர் கேட்டதை மறுத்த எழுத்தாளர்கூட வாசகரின் மனத்தைப் பார்த்துத் தன் நூலைத் திருத்தினார் என்பதற்கு அந்தப் பதிப்புகளே சான்று.

கடிதங்கள் தொடர்ந்தன. ஆசிரியரைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று பிராட்ஷா விரும்பினார். தன்னை அவர் பார்த்துவிடக் கூடாது என்பது நிபந்தனை. அதற்காக ரிச்சர்ட்சன் தன் உருவத்தைத் தானே ஒரு கடிதத்தில் வரைந்து அனுப்பினார்: குள்ளம், பருத்த உடல், வெளிர்நிறப் பொய்முடி, ஒரு கை மார்புச் சட்டைக்குள், இன்னொரு கையில் கைத்தடி, தலை திருப்பாமல் ஆனால் சுற்றிலும் கவனிக்கும் நடை. லண்டன் பூங்காவில் முகம் தெரியாத வாசகியின் பார்வை படட்டும் என்று அவர் நாள்தோறும் நடந்தார். பிராட்ஷா வராத நாட்களில் ஏமாற்றத்தை எழுதினார். 1750-இல்தான் இருவரும் நேரில் சந்தித்தார்கள். அதன் பிறகு பிராட்ஷா தன் வீட்டில் ரிச்சர்ட்சனின் ஓவியத்தை மாட்டினார். யார் என்று விருந்தினர் கேட்டால் ‘டிக்கன்சன்’ என்று வேறு பெயர் சொல்லிச் சமாளித்தார்.

‘கிளாரிஸா’வின் தன் பிரதியில், பக்க ஓரங்களில் பிராட்ஷா தன் மறுப்புகளை எழுதி வைத்தார். அந்தப் பிரதியை வாங்கிப் படித்த ரிச்சர்ட்சன் அதே ஓரங்களில் பதில் எழுதினார். எழுத்தாளரும் வாசகரும் ஒரே பக்கத்தில் வாதிட்ட அந்தத் தொகுதிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பிராட்ஷாவின் சகோதரி லேடி எலிசபெத் எக்லின் இன்னும் ஒரு படி மேலே போனார். கிளாரிஸாவுக்கு நேர்ந்த வன்கொடுமை நேராமலும், லவ்லேஸ் மனம் திருந்தியும் போகுமாறு தானே ஒரு முடிவை எழுதி ஆசிரியருக்கு அனுப்பினார். மூல நூல் வந்த சில ஆண்டுகளில் எழுதிய அந்த மாற்று முடிவு, இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது.

வெர்தர் மோகம்

ஜெர்மனியில் யோகான் வோல்ஃப்காங் கதே எழுதிய ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ 1774-இல் வெளிவந்தது. காதல் தோல்வியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் இளைஞனின் கதை அது. வெர்தர் அணிந்த நீலக் கோட்டையும் மஞ்சள் உட்சட்டையையும் இளைஞர்கள் அணியத் தொடங்கினார்கள். லைப்சிக் நகரம் 1775-இல் அந்த நூலையும் அந்த உடையையும் தடை செய்தது. அதே ஆண்டில் ஃப்ரீட்ரிஷ் நிக்கோலாய், வெர்தர் உயிர் பிழைத்துக் காதலியை மணப்பதாக மாற்றி எழுதி ஒரு நூல் வெளியிட்டார். கதேயும் தன் இரண்டாம் பதிப்பில், நாயகனைப் பின்பற்ற வேண்டாம் என்று எச்சரிக்கும் வரிகளைச் சேர்த்தார். 1786-இல் இத்தாலிக்குப் புறப்பட்டபோது, வெர்தரின் ஆசிரியர் என்ற அடையாளத்திலிருந்து தப்ப, மோல்லர் என்ற ஓவியராகப் பெயர் மாற்றிக்கொண்டு பயணம் செய்தார். ரிச்சர்ட்சன் காலத்தில் வாசகி புனைபெயருக்குள் ஒளிந்தார். ஒரு தலைமுறைக்குள் எழுத்தாளர் ஒளிய வேண்டி வந்தது.

ஒரு பென்னி அஞ்சலும் டிக்கன்ஸும்

ரிச்சர்ட்சனுக்குக் கடிதம் எழுதியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். அந்தக் காலத்தில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெறுபவரே செலுத்துவது வழக்கம். தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். முன்பின் தெரியாத எழுத்தாளருக்குச் சாதாரண வாசகர் எழுதினால், அந்தச் சுமை எழுத்தாளர்மேல் விழும். 1840 ஜனவரியில் பிரிட்டன் முழுவதற்கும் ஒரே கட்டணமாக ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்ததும் இந்தத் தடை நீங்கியது. அதற்குள் நாவலின் விலையும் இறங்கியிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836 ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பகுதிகளாக வந்தது. சில நூறு பிரதிகளில் தொடங்கிய விற்பனை, முடியும்போது 40,000-ஐ எட்டியது. மலிவான பகுதி, மலிவான தபால் என்ற இந்த இரண்டும் சேர்ந்தபோது வாசகர் கூட்டத்துக்குக் குரல் கிடைத்தது.

ஒரு பென்னி அஞ்சல் தொடங்கிய அதே 1840-இல், டிக்கன்ஸ் ‘பழம்பொருள் கடை’ நாவலை வார இதழில் எழுதத் தொடங்கினார். தாத்தாவுடன் ஊர் ஊராக அலையும் சிறுமி நெல் அதன் நாயகி. விற்பனை 100,000 பிரதிகளை நெருங்கியது. நெல்லின் உடல்நிலை மோசமாவது தெரிந்ததும், அவளைக் கொல்ல வேண்டாம் என்று கெஞ்சும் கடிதங்கள் குவிந்தன. அவ்வாறு வேண்டியவர்களில் டிக்கன்ஸின் நெருங்கிய நண்பரான நடிகர் மக்ரெடியும் ஒருவர். 1840 நவம்பரில்தான் அவர் தன் சின்ன மகளைப் பறிகொடுத்திருந்தார். டிக்கன்ஸுக்கும் ஒரு பழைய துயரம் இருந்தது. மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் 1837-இல் பதினேழு வயதில் அவர் கண்ணெதிரே இறந்திருந்தாள். நெல்லின் மரணத்தை எழுதுவது அந்தச் சாவை மறுபடி அனுபவிப்பதாக இருந்தது என்று அவர் நண்பர்களிடம் சொன்னார். எனினும் முடிவை மாற்றவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலை நோக்கி, நெல் உயிரோடிருக்கிறாளா என்று நியூயார்க் துறைமுகத்தில் கூட்டம் கூவியதாகச் சொல்லப்படும் கதை புகழ்பெற்றது. அதற்குச் சமகாலச் சான்று கிடைக்கவில்லை.

கதையின் போக்கில் மனம் நொந்து எழுதப்பட்ட இத்தகைய கடிதங்களுக்கு டிக்கன்ஸ் இணங்கியதில்லை. கதை ஒரு மனிதருக்குச் செய்த தீங்கைச் சுட்டிய கடிதங்களை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ தொடரின் 1849 டிசம்பர்ப் பகுதியில் மௌச்சர் என்ற குள்ள உருவப் பெண் வந்தாள். தீய செயலுக்குத் துணைபோகப் போகிறவளைப் போலத் தோன்றினாள். டிக்கன்ஸின் அண்டை வீட்டில் வாழ்ந்த ஜேன் சீமோர் ஹில் அதே உருவம் கொண்டவர். பாதங்களுக்குச் சிகிச்சை செய்து பிழைத்தவர். வர்ணனை தன்னைக் குறிப்பதை ஊரே அறிந்துகொண்டது என்றும், தன் வாழ்வு குலைந்தது என்றும் அவர் எழுதினார். ஓரளவு அவரை மனத்தில் வைத்தே எழுதியதை டிக்கன்ஸ் ஒப்புக்கொண்டு வருந்தினார். 1850 மார்ச்சுப் பகுதியில் மௌச்சர் மறுபடி வந்தபோது நல்ல மனமும் நேர்மையும் உடையவளாக இருந்தாள். கதை முடியாமல் இருந்ததால்தான் அந்தத் திருத்தம் முடிந்தது.

1863-இல் இலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி எழுதினார். டிக்கன்ஸ் முன்பு குடியிருந்த டாவிஸ்டாக் வீட்டை விலைக்கு வாங்கியவரின் மனைவி அவர். ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்கும் ஃபேகினைத் திரும்பத் திரும்ப ‘யூதன்’ என்றே குறிப்பிட்டது தம் சமூகத்துக்கே இழைத்த அநீதி என்பது அவருடைய முறையீடு. டிக்கன்ஸ் முதலில் தற்காத்துக்கொண்டு பதில் எழுதினார். பிறகு 1864–65-இல் வந்த ‘நம் பொது நண்பர்’ நாவலில் ரையா என்ற கருணையுள்ள யூத முதியவரைப் படைத்தார். 1867-இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’டின் புதிய பதிப்பில், ஃபேகினைக் குறித்து அந்தச் சொல் வரும் இடங்கள் பலவற்றை நீக்கினார். அதே ஆண்டில் டேவிஸ் அவருக்கு ஹீப்ரு விவிலியம் ஒன்றைப் பரிசளித்தார். ஒரு வாசகியின் தளராத கடிதம் உலகப் புகழ் பெற்ற நூலின் வாசகத்தையே திருத்திய நிகழ்வு இது.

ஹோம்ஸைக் கொன்றவர்

ஆர்தர் கோனன் டாயில் ஒரு மருத்துவர். துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வரும் நாவலின் முழு உரிமையையும் 25 பவுண்டுக்கு விற்றார். அது 1887-இல் வெளிவந்தது. 1891 ஜூலை முதல் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கின. இதழில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது: பாத்திரம் தொடரும், ஆனால் ஒவ்வொரு கதையும் அந்த இதழிலேயே முடியும். ஒரு மாதம் தவறினாலும் வாசகர் வழி தவற மாட்டார். இந்த அமைப்பில் கதைக்கு முடிவு உண்டு, நாயகனுக்கு முடிவு இல்லை. வாசகரின் பற்று கதையை விட்டு மனிதன்மேல் இடம்பெயர்ந்தது.

டாயிலின் நாட்டம் வரலாற்று நாவல்களில் இருந்தது. தன் பெயர் அவற்றால் நிலைக்க வேண்டும் என்று எண்ணினார். 1891 நவம்பரிலேயே, ஹோம்ஸைக் கொன்றுவிடலாம் என்று இருப்பதாகத் தாய்க்கு எழுதினார், தாய் தடுத்தார். இதழ் மேலும் கதைகள் கேட்டபோது, மறுக்கட்டும் என்றே பன்னிரண்டு கதைகளுக்கு 1,000 பவுண்டு கேட்டார். இதழ் உடனே ஒப்புக்கொண்டது. 1893-இல் சுவிட்சர்லாந்தில் மைரிங்கன் அருகே உள்ள ரைஷன்பாக் அருவியைப் பார்த்தவர், அதுவே ஹோம்ஸுக்குத் தகுந்த சமாதி என்று தீர்மானித்தார். அந்த ஆண்டு டிசம்பர் இதழில் ஹோம்ஸும் எதிரி மோரியார்ட்டியும் அருவியில் விழுந்தார்கள்.

சுமார் 20,000 பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. இதழின் உரிமையாளர் ஜார்ஜ் நியூன்ஸ் அந்தச் சாவைப் பங்குதாரர்களிடம் கொடிய நிகழ்வாகவே அறிவித்தார். ஆசிரியரை மிருகமே என்று விளித்து ஒரு பெண்மணி எழுதிய கடிதத்தை டாயில் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். லண்டன் இளைஞர்கள் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புப் பட்டை அணிந்தார்கள் என்பது பின்னால் வளர்ந்த கதை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் அதற்கு ஆதாரம் காணப்படவில்லை. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் அறியாத ஒன்று உண்டு. அதே 1893 அக்டோபரில் டாயிலின் தந்தை இறந்தார். மனைவி லூயிஸாவுக்குக் காசநோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். கற்பனை மனிதனுக்காக வாசகர் அழுத அந்தக் குளிர்காலத்தில், எழுத்தாளர் வீட்டில் உண்மையான துக்கம் இருந்தது.

எட்டு ஆண்டுகள் டாயில் அசையவில்லை. 1901 ஆகஸ்டில் தொடங்கிய ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ தொடரில் ஹோம்ஸ் வந்தார். ஆனால் கதை அருவிச் சம்பவத்துக்கு முன் நடந்ததாக எழுதப்பட்டது. பிறகு அமெரிக்காவின் ‘காலியர்ஸ்’ இதழ் பெருந்தொகை தர முன்வந்தது. 1903-இல் ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று கதை திருத்தப்பட்டது. 1927 வரை கதைகள் தொடர்ந்து, மொத்தம் 56 சிறுகதைகளும் 4 நாவல்களுமாக நிறைவுற்றன. ரிச்சர்ட்சனும் டிக்கன்ஸும் மறுத்ததை டாயில் இறுதியில் தந்தார். வாசகரின் விருப்பத்தைப் பதிப்பாளர் பணமாக மாற்றி நீட்டும் காலம் அதற்குள் வந்திருந்தது.

ஹோம்ஸ் ஓய்வு பெற்றுத் தேனீ வளர்க்கிறார் என்று ஒரு கதையில் வந்ததும், அவர் வீட்டைக் கவனித்துக்கொள்ள வருகிறோம் என்று முதிய பெண்கள் எழுதினார்கள். ஒருவர் தனக்குத் தேனீ வளர்ப்பும் தெரியும் என்றார். கதைகளில் ஹோம்ஸின் முகவரியான பேக்கர் தெரு 221பி என்ற இலக்கம் டாயில் எழுதிய காலத்தில் அந்தத் தெருவில் இல்லை. தெருவின் இலக்கங்கள் மாறிய பிறகு 1932-இல் அந்த இடத்துக்கு வந்த, பின்னாளில் அபி நேஷனல் என்று பெயர் பெற்ற நிறுவனம், ஹோம்ஸுக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதவே ஒரு செயலரை வைத்தது. 1911-இல் ரோனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோம்ஸ் கதைகளின் முரண்களை வேதநூல் ஆராய்வதைப் போல ஆராய்ந்து ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வளவு உழைப்பை இதில் செலவிட்டதைக் கண்டு வியந்து டாயில் அவருக்கு எழுதினார். 1934-இல் நியூயார்க்கில் தோன்றிய பேக்கர் தெரு இர்ரெகுலர்ஸ் சங்கத்தார் ஹோம்ஸையும் கதைகளில் அவர் நண்பரான வாட்சனையும் வாழ்ந்த மனிதர்களாகக் கொண்டு, டாயிலை அவர்களின் இலக்கிய முகவராக மட்டுமே கருதினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே டாயில் காலமாகியிருந்தார்.

தமிழ் வார இதழ்களில்

தமிழில் இந்த உறவு வார இதழ்களோடு வளர்ந்தது. இந்தியாவில் 1879-இல் காலணா விலையில் வந்த அஞ்சலட்டை, எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் ஆசிரியரை எட்டும் வழியைத் திறந்திருந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் மணியம் ஓவியங்களோடு வந்தது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கமானது. கதை முடிந்தபோது, இன்னார் என்ன ஆனார், ஏன் சட்டென்று முடித்தீர்கள் என்று கேள்விகள் குவிந்தன. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொல்லி வாசகர்களுக்கு விடையளித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். முடிவுரையும் போதாத வாசகர்களுக்கு ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற தொடர்ச்சியை எழுதினார்.

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் ‘ஆனந்த விகட’னில் வந்த சிறுகதை. மழை நாளில் காரில் வந்தவனிடம் கெட்டுப்போய் வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். அந்தத் தாயின் முடிவு தமிழ் வாசகர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று கண்டித்து எழுதியவர்கள் ஏராளம். அவர்களுக்கான பதிலை ஜெயகாந்தன் நாவலாகவே எழுதினார். 1970-இல் நூலான ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் தாய் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஊர் அறியக் கூச்சலிடுகிறாள். கண்டித்தவர்கள் இயல்பு என்று சொன்ன வழியிலேயே கதை போகிறது. அந்த வழியில் கங்கா என்ற பெண்ணின் வாழ்வு எப்படிச் சிதைகிறது என்பதே நாவல். முந்திய சிறுகதையும் நாவலுக்குள் வருகிறது. ஓர் எழுத்தாளர் எழுதியதாகக் கங்கா அதை இதழில் படிக்கிறாள். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலின் பிறப்புக்கு வாசகரின் கோபமும் ஒரு காரணம்.

எல்லா மோதலும் இவ்வாறு இலக்கியமாகக் கனியவில்லை. 1857 கிளர்ச்சியின் பின்னணியில் சுஜாதா ‘குமுத’த்தில் தொடங்கிய ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’, ஒரு சமூகத்தைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பாலும் மிரட்டலாலும் சில வாரங்களில் நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் வேறு வடிவில் மீண்டும் தொடங்கியது. இலைசா டேவிஸும் தம் சமூகத்துக்காகத்தான் எழுதினார். ஆனால் அவர் வாதத்தை மட்டுமே அனுப்பினார், அதற்குச் செவிசாய்ப்பதை எழுத்தாளரின் மனத்துக்கு விட்டார். மிரட்டல் அந்த இடத்தை எழுத்தாளருக்குத் தருவதில்லை.

இரண்டரை நூற்றாண்டை நெருங்கிய இந்த வரலாற்றில் வாசகரின் கடிதங்கள் மூன்று வகையாக நிற்கின்றன. பிடித்த பாத்திரத்தை வாழவைக்கக் கேட்டவை முதல் வகை. அவற்றை மறுத்த நூல்களே வாசகர் மனத்தில் ஆழமாகத் தங்கின. கதையால் நேர்ந்த காயத்தைச் சொன்னவை இரண்டாம் வகை. அவற்றைக் கேட்ட எழுத்தாளர்கள் நேர்மையில் வளர்ந்தார்கள். பயமுறுத்தியவை மூன்றாம் வகை. அவற்றால் எந்தக் கதையும் சிறக்கவில்லை. முடிவை எழுதும் உரிமை எழுத்தாளருடையது. அதைப் பற்றிப் பேசும் உரிமையை வாசகர் பிராட்ஷாவின் காலத்திலேயே பெற்றுவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று மதித்த இடங்களில்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ போன்ற ஒரு நூலும், ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் ஒரு திருத்தமும் சாத்தியமாயின.